பால்ச்சாமிக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

சுண்டக்காய்ப்பட்டியில் அறிவுக்குப் பஞ்சமே கிடையாது. யாரும் அதை எடுத்துச் செலவு செய்வதில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊர் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஒளிமதி ஸ்டூடியோ என்று ஒன்று உண்டு. கேமரா ஒன்று, பங்குதாரர்கள் நான்கு பேர். மூத்தவர் தவசி. நால்வரில் அவர் ஒருவர்தான் மூக்குக்கண்ணாடி போட்டவர் என்பதால் அவர் சொல்வதே தீர்ப்பு. மொக்கையன் படம் எடுப்பவன். சின்னக்காளை லைட் பிடிப்பவன். உச்சி வெயிலில் எடுத்தாலும் விடாமல் பிடிப்பான். நாலாவது ஆள் நம்ம பால்ச்சாமி. கல்யாண வீடுகளில் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று "சிரிங்க, சிரிங்க" என்று சொல்வது அவன் வேலை.

இப்படி ஊரில் பாதிப் பேரை மணமேடையில் சிரிக்க வைத்த பால்ச்சாமிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. வயது முப்பத்தாறு. குறை அவனிடம் இல்லை, அவன் படத்தில் இருந்தது. போன தை மாதம் ஒரு பெண் வீட்டுக்கு அவன் படம் போயிற்று. எடுக்கும்போது அவனுக்குப் பின்னால் எருமை ஒன்று நின்றதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. அதன் கொம்பும் மடியும் அவன் முகத்தைவிடத் தெளிவாக விழுந்திருந்தன. பெண் வீட்டார் மறுநாளே தேங்காய் பழத்தோடு வந்தார்கள். சந்தோஷமாகப் பேசினார்கள். பேரம் படிந்தது. எருமையை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பால்ச்சாமி ஊர் எல்லை வரைக்கும் கூடப் போய் வழியனுப்பிவிட்டு, திரும்பி வரும்போது அழுதுகொண்டே வந்தான்.

இப்போது தரகர் சோலைமலை மேலக்குன்னூத்திலிருந்து ஒரு வரன் கொண்டுவந்திருந்தார். பெண் பெயர் தங்கமயில். பால்ச்சாமி அவளை ஏற்கெனவே ஒரு காதுகுத்து வீட்டில் பார்த்திருக்கிறான். அவன் "சிரிங்க" என்று வாயெடுப்பதற்கு முன்பே சிரித்த ஒரே பெண் அவள்தான். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வரன் தவறினால் ஊரைவிட்டே போய்விடுவது என்று அவன் முடிவு செய்திருந்தான்.

"தம்பி, பொண்ணோட அப்பா வீரணன் படத்தப் பாத்துத்தான் பதில் சொல்லுவாரு," என்றார் சோலைமலை. "மொகம் மட்டும் பளிச்சுனு தெரியணும். பின்னாடி ஈ காக்கா தெரியக்கூடாது. நாளைக் காலைல படம் என் கைக்கு வரணும். இல்லேன்னா அவங்க வேற எடம் பாத்துருவாங்க."

அடுத்த பஸ்ஸில் மொக்கையன் திண்டுக்கல்லுக்குப் போனான். அங்கே கேமரா கடை வைத்திருக்கும் ஜெபராஜ் நல்ல மனிதர். பொறுமைசாலி, அதாவது அதுவரைக்கும் பொறுமைசாலி. அவர் இரண்டு லென்ஸை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ரெண்டுமே அம்பது எம்.எம். ஜூம் கிடையாது. இது ஒண்ணு புள்ளி எட்டு, இது ஒண்ணு புள்ளி நாலு. நம்பர் கம்மியா இருந்தா வாய் பெருசாத் தெறக்கும். வெளிச்சம் கூட வரும், பின்னணி கூடக் கரையும். ரெண்டையும் கொண்டுபோய் ஒரே படத்த எடுத்துப் பாருங்க. நடுவுல எதுவும் மாறக்கூடாது, அப்பத்தான் வித்தியாசம் தெரியும். கண்ணுல ஃபோகஸ் வைங்க. மூலையெல்லாம் பாருங்க. பெருசு பண்ணிப் பாருங்க. சாயங்காலம் வேணாங்கிறதத் திருப்பிக் குடுத்துருங்க."

மொக்கையன் இத்தனையையும் ஒரு சொல் விடாமல் மனப்பாடம் செய்துகொண்டு வந்தான். வினையே அதுதான்.

லென்ஸ்களைக் கண்டதும் தவசி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"எட்டு பெருசா, நாலு பெருசா?"

"எட்டுதாண்ணே."

"பெறகு நாலு போட்டதுக்கு எதுக்கு வெல கூட?"

சின்னக்காளைதான் வாயைத் திறந்தான். "எட்டுங்கிறது எல்லார்கிட்டயும் இருக்கும்ணே. நாலு கெடைக்கிறதுதான் கஷ்டம்."

தவசி ஒப்புக்கொண்டார். வேலை தொடங்கியது.

ஸ்டூடியோவின் பின்முற்றத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுப் பால்ச்சாமியை உட்கார வைத்தார்கள். அவனுக்கு வெகு தூரம் பின்னால் ஒரு தென்னைமரம். வாழ்க்கையில் முதல்முறையாக அவனைப் பார்த்து மற்ற மூவரும் "சிரி, சிரி" என்றார்கள். அவன் தங்கமயிலை நினைத்துச் சிரித்தான். முதலில் எட்டைப் போட்டு எடுத்தார்கள்.

மற்ற மூவரும் குனிந்து படத்தைப் பார்த்தார்கள். பால்ச்சாமியின் மீசையை மயிர் மயிராக எண்ணலாம். பின்னால் இருந்த தென்னைமரமோ தண்ணீரில் விழுந்த பச்சை மை போலக் கலங்கிக் கிடந்தது.

"மரத்துக்கு என்னடா ஆச்சு?" என்று பதறினார் தவசி. "காலைல நல்லாத்தானே இருந்துச்சு! சின்னக்காள, ஓடிப் போய்ப் பாரு."

சின்னக்காளை ஓடினான். மரத்தைச் சுற்றிப் பார்த்தான், தட்டிப் பார்த்தான், கட்டிப்பிடித்துப் பார்த்தான். திரும்பி வந்து மூச்சு வாங்கச் சொன்னான்: "ஒண்ணும் ஆகலண்ணே. மரம் கெட்டியாத்தான் இருக்கு."

"அப்ப இந்த லென்ஸ் பொய் சொல்லுது."

"அது பொய் சொல்லணும்னுதானே வாங்குறோம்!" என்றான் பால்ச்சாமி, உதடு அசையாமல். சிரிப்பு மாறிவிடக்கூடாதே என்று அவன் அதைப் பல்லோடு இறுக்கிப் பிடித்துவைத்திருந்தான்.

இனி நாலின் முறை. "நடுவுல எதுவும் மாறக்கூடாது" என்று ஜெபராஜ் சொன்னதை மொக்கையன் ஞாபகப்படுத்தினான். முதல் படத்தை உற்றுப் பார்த்தார்கள். ஓரத்தில் ஒரு நாய் போய்க்கொண்டிருந்தது. மரத்தின் உச்சியில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. இப்போது நாயும் இல்லை, காக்கையும் இல்லை.

நாயைத் தேடி மொக்கையன் கறிக்கடைப் பக்கம் போய், ஒரு பன் வாங்கிப் போட்டு அழைத்துவந்தான். நாய் நல்ல நாய்தான். முற்றத்தின் குறுக்கே ஒழுங்காக நடந்தது. ஆனால் தவசி கையை உயர்த்தி நிறுத்தினார்.

"செல்லாது. முன்ன இது வடக்க இருந்து தெக்க போச்சு. இப்பத் தெக்க இருந்து வடக்க போகுது."

நாய்க்குத் திசை சொல்லிப் புரியவைக்க மூன்று பன் ஆயிற்று. அத்தனை நேரமும் பால்ச்சாமி சிரித்தபடியே இருந்தான். கன்னம் மரத்துப்போய்விட்டது. டீ வந்தது, வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னான். மூக்கில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. முதல் படத்தில் ஈ இருந்ததா இல்லையா என்று பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் அதை விரட்டினார்கள்.

காக்கைதான் பிடிகொடுக்கவில்லை. சோறு வைத்துக் கூப்பிட்டதற்கு ஊர்க் காக்கையெல்லாம் வந்தன. அவற்றில் பழைய காக்கை எது என்று தெரியவில்லை.

"எப்படியும் அது கலங்கித்தானே தெரியப்போகுது," என்றான் சின்னக்காளை. "நான் கறுப்புச் சட்டை போட்டுட்டு மேல ஏறி உக்காந்துக்கிறேன்."

ஏறினான். கேமராவைப் பார்க்காமல், காக்கை பார்த்த பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். நாய் வடக்கிலிருந்து தெற்கே நடந்தது. மொக்கையன் எடுத்தான்.

இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது மொக்கையன் துள்ளிக் குதித்தான். "அண்ணே! எட்டுல காக்கா கடுகளவு. நாலுல பூசணிக்கா அளவு! பின்னணி கரையுறதுன்னா இதுதாண்ணே கரையுறது!"

"குடுக்குற காசுக்கு லென்ஸ்னா இது," என்று தவசியும் தலையாட்டினார்.

பிறகு மூலைகளைப் பார்த்தார்கள். முற்றத்தின் நாலு மூலையையும் பார்த்ததில் மூன்று சுத்தமாக இருந்தன, ஒன்றில் போன வருஷம் காணாமல் போன தவசியின் செருப்பு கிடைத்தது. அடுத்து, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். "பெருசு பண்ணுங்க" என்றவர் எங்கே நிறுத்துவது என்று சொல்லவில்லை. கம்ப்யூட்டரில் பால்ச்சாமியின் கண் வந்தது, கருவிழி வந்தது, கடைசியில் திரை முழுக்க ஒரே கறுப்புக் கட்டம் வந்தது. இன்னொரு படத்திலும் அதே கறுப்புக் கட்டம். எந்தக் கறுப்பு அதிகக் கறுப்பு என்று அரை மணி நேரம் வாதாடிவிட்டு, கண் வலித்ததால் விட்டுவிட்டார்கள்.

அப்போதுதான் பால்ச்சாமி தன் படத்தை முதல்முறையாக முழுசாகப் பார்த்தான். நாலில் எடுத்த படத்தில் கண் பளிச்சென்று இருந்தது. காது இரண்டும் கரைந்து போயிருந்தன.

"ஐயையோ! காதில்லாத மாப்பிள்ளைனு நெனச்சுருவாங்களே! தங்கமயில் சொல்றது எனக்குக் கேக்காதுனு சொல்லிருவாங்களே!"

மொக்கையன் உடனே ஜெபராஜுக்கு போன் போட்டான். "கண்ணுக்கு நேர்கோட்டுல இருக்கறது மட்டும்தாங்க தெளிவா விழும். முன்ன பின்ன இருக்கறது கரையத்தான் செய்யும்," என்றார் அவர். லென்ஸின் வாயைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டால் போதும் என்று சொல்வதற்குள் மொக்கையன் போனை வைத்துவிட்டான். அவனுக்குத்தான் விஷயம் புரிந்துவிட்டதே.

"காது பின்னாடி நிக்குது, மூக்கு முன்னாடி நிக்குது. எல்லாத்தையும் ஒரே வரிசைல நிறுத்தணும். அம்புட்டுத்தான்."

செலோடேப் போட்டுக் காதுகளை முன்னால் இழுத்து ஒட்டினார்கள். மூக்கைப் பின்னால் தள்ளுவதற்கு, சட்டம் போடும் பெரிய கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்து முகத்தோடு வைத்து இருபுறமும் இருவர் அழுத்தினார்கள். பால்ச்சாமி மூச்சுவிட முடியாமல், ஆனால் சிரித்தபடி, கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்தான். தவசியே படத்தை எடுத்தார்.

கண், காது, மூக்கு, கன்னம், மீசை எல்லாம் ஒரே சீராக, தோசைக்கல்லில் வார்த்ததுபோல விழுந்திருந்தன. எல்லாம் அப்பட்டமான தெளிவு. பின்னால் ஒன்றுமே இல்லை, வெறும் பச்சைப் புகை.

"இதுக்கு மேல ஒரு படம் எடுக்க முடியாது," என்றார் தவசி. அது உண்மை.

சாயங்காலம் எட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். "எதுனால நாலு பிடிச்சுது?" என்று ஜெபராஜ் கேட்டார். "எட்டுல காக்கா சின்னதுங்க," என்றான் மொக்கையன். ஜெபராஜ் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார்.

படம் போன பிறகு பால்ச்சாமி ஒவ்வொரு பஸ்ஸையும் எழுந்து நின்று பார்த்தான். ஒரு வாரத்தில், அறிவிப்பு எதுவும் இல்லாமல், வீரணனும் தங்கமயிலும் சோலைமலையும் வந்து இறங்கினார்கள். முற்றத்தில் கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டி மொக்கையன் டீ போட்டான். பால்ச்சாமி அந்த அடுப்புக்குப் பக்கத்திலேயே கைகட்டி நின்றான்.

வீரணன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "படத்துல பாத்ததுக்கு மூக்கு நல்லா வளர்ந்திருக்கு. சாப்பாட்டுக்குக் கொற இல்ல போல. மொகம் எனக்குத் திருப்தி."

பால்ச்சாமிக்கு உயிர் வந்தது.

"ஆனா," என்றார் வீரணன், "படத்துல பின்னாடி ஒண்ணுமே தெரியல. பின்னாடி என்ன இருக்குனு தெரியாத எடத்துல பொண்ணக் குடுக்க முடியுமா? அதப் பாத்துட்டுப் போகத்தான் வந்தோம்."

சொல்லிவிட்டு அவர் அடுப்பைச் சுற்றி நடந்து பால்ச்சாமிக்குப் பின்னால் போனார். மாமனாராகப் போகிறவருக்கு முதுகைக் காட்டுவது மரியாதையா? பால்ச்சாமி சட்டென்று திரும்பி நின்று கும்பிட்டான். அவர் மறுபடி சுற்றினார். இவனும் திரும்பினான். அவர் வேகமாக நடந்து பார்த்தார். இவன் இன்னும் வேகமாகத் திரும்பினான்.

"அப்பா, இப்படியே போனா இருட்டிரும்," என்றாள் தங்கமயில், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "நான் இவரு கையப் புடிச்சு நிறுத்திக்கிறேன். நீங்க போய்ப் பாருங்க."

பிடித்தாள். அந்தக் கை தன் கையைத் தொட்டதும் பால்ச்சாமிக்கு மரியாதை இன்னும் கூடிவிட்டது. வீரணன் அடுப்பைச் சுற்றி ஓட, அவர் முகத்தை விட்டுவிடாமல் பால்ச்சாமியும் அடுப்பைச் சுற்றியே அவருக்கு எதிர்முகமாக ஓட, அவன் கையை விடாமல் தங்கமயிலும் ஓடினாள். ஒரு சுற்று ஆயிற்று, இரண்டு ஆயிற்று. பழக்கதோஷத்தில் சின்னக்காளை லைட்டைத் தூக்கிப் பிடித்தான். மூன்றாவது சுற்று முடியும்போது மொக்கையன் தன்னை மறந்து, கையிலிருந்த டீச் சர்க்கரையை அள்ளி இருவர் தலையிலும் தூவினான்.

தவசி எழுந்து நின்றார். "நெருப்பு சாட்சி. கையப் புடிச்சாச்சு. மூணு சுத்து வந்தாச்சு. எத்தன கல்யாணம் படம் எடுத்திருக்கேன், எனக்குத் தெரியாதா? முடிஞ்சுருச்சு."

"ஆமா, முடிஞ்சுதான் போச்சு," என்றார் சோலைமலை. தங்கமயில் கையை விடவில்லை.

"அதெப்படி? பின்னாடி என்ன இருக்குனு நான் இன்னும் பாக்கலையே!" என்றார் வீரணன், மூச்சிரைக்க.

"இனி நீங்க சொந்தக்காரரு. நிதானமா இருந்து பாருங்க," என்றார் தவசி.

அவரும் நியாயம்தான் என்று அங்கேயே தங்கிவிட்டார். இரண்டு பேரப்பிள்ளைகள் பிறந்தாயிற்று. மனிதர் இன்னும் விடிந்தால் எழுந்து மருமகனுக்குப் பின்னால் போகிறார். பால்ச்சாமி மரியாதை தெரிந்தவன், உடனே திரும்பி நின்று கும்பிடுகிறான்.