அம்மைப்பாலுக்கு முதல் கை

செங்குளம் பாளையத்தில் நல்ல காரியம் எதுவானாலும் அரண்மனையில்தான் தொடங்கும். தேர் வடத்தை முதலில் தொடுவது ராஜா. புது நெல்லின் முதல் பொங்கல் ராஜாவுக்கு. கோவில் பிரசாதம் கை மாறிக் கை மாறித் தெற்குத் தெருவுக்கு வரும்போது இலைதான் மிச்சமிருக்கும். ஆனால் ஒரு காரியத்தில் ஆபத்து இருக்குமோ என்று சந்தேகம் தட்டிவிட்டால் போதும். அன்றைக்கு முதல் மரியாதை தெற்குத் தெருவுக்கு. வாய்க்காலுக்குக் குறுக்கே புதுப் பாலம் கட்டினால் அதில் முதலில் நடந்து பார்க்கிறவன் தெற்குத் தெருக்காரன்தான்.

அந்தத் தெருவில் பிறந்தவன் தொப்பளான். வாய்ச் சாதுர்யத்தால் ராஜா முத்துவீரரின் சபையில் இடம் பிடித்தவன்.

ஒரு மாசி மாதம், மூன்று காதத் தொலைவில் பெரியம்மை கண்டது. வீட்டுக்கு ஒரு சாவு என்று செய்தி வந்தது. மறுநாளே துறைமுகத்து ஊரிலிருந்து அருளப்பன் வந்து சேர்ந்தார். அம்மைப்பால் குத்துகிறவர். அவர் கையில் ஒரு சிறு கண்ணாடிச் சிமிழ்.

"பசுவின் மடியில் வந்த கொப்புளத்து நீர், மகாராஜா. கையில் கீறி வைத்தால் பெரியம்மை அண்டாது. இதில் ஒரு கைக்குத்தான் இருக்கிறது. நாளை மாலைக்குள் வைக்காவிட்டால் காய்ந்துவிடும்."

"ஒன்றும் ஆகாதே?" என்றார் ராஜா.

"கை வீங்கும். இரண்டு நாள் காய்ச்சல் அடிக்கும். ஒன்றுமே ஆகாது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பெரியம்மை வந்தால் பத்துப் பேரில் மூன்று பேரைக் கொண்டுபோகும்."

தளவாய் தீத்தாரப்பர் எழுந்தார். "இதைப் போட்டுக்கொண்டவனுக்குத் தலையில் கொம்பு முளைக்கிறதாம்!"

"தளவாய்க்கு என்ன கவலை?" என்றான் தொப்பளான். "இவ்வளவு பெரிய தலைப்பாகைக்குள் நாலு கொம்பு மறையுமே."

ராஜா சிரித்தார். சிரித்த வாயோடு உத்தரவும் போட்டார். "தொப்பளான், உன் தெருவில் ஒருவருக்குப் போட்டுப் பார்ப்போம். பிழைத்தால் எனக்கும் போடட்டும். நாளைக் காலை ஆளை ஏற்பாடு செய். இல்லையென்றால் அருளப்பன் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்."

அருளப்பன் போய்விட்டால் செங்குளத்துக்கு வேறு காப்பு கிடையாது. தொப்பளான் நேரே சுண்ணாம்புக்கல் சுடும் காளவாசலுக்குப் போனான். தெற்குத் தெருச் சுடலி அங்கே கல் உடைத்துக்கொண்டிருந்தாள். மூன்று பிள்ளைகளுக்குத் தாய்.

"ஏலே தொப்பளா," என்றாள் அவள், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு. "தேர் இழுக்கையில எங்க பேரு எவனுக்கும் ஞாபகம் வரல. இப்ப மட்டும் எப்படிலே வந்துச்சு?"

"நோய் மூணு காதத்துல நிக்குக்கா."

"தெரியும். அதுக்காக எங்கள வச்சு வெள்ளோட்டம் பாப்பாவளா? ராஜா மொதல்ல போட்டுக்கிடட்டும். பொறவு மூணு புள்ளையளையும் நானே கூட்டிட்டு வாறேன்."

தொப்பளான் யோசித்துக்கொண்டே திரும்பி நடந்தான். அவள் கேட்டதில் தப்பு எங்கே இருக்கிறது?

மறுநாள் காலை சபை கூடியது.

"ஆள் எங்கே?" என்றார் ராஜா.

"சுடலி என்ற பெண்ணிடம் பேசிவிட்டு வந்திருக்கிறேன், மகாராஜா. அதற்குமுன் ஒரு சந்தேகம். அருளப்பரே, சிமிழில் இருப்பது ஒரு கைக்குத்தானே? மகாராஜாவுக்கு எங்கிருந்து எடுப்பீர்கள்?"

"போட்ட கையில் எட்டாம் நாள் முத்துப்போலக் கொப்புளம் எழும்பும். அதைக் கீறி, ஊறுகிற நீரை எடுத்து அடுத்த கையில் வைப்பேன். கைக்குக் கை மாற்றித்தான் இந்த வேலை நடக்கும்."

"நன்றாக இருக்கிறது!" தொப்பளான் கைதட்டினான். "சுடலி கையிலிருந்து மகாராஜா கைக்கு! எட்டாம் நாள் அவளை மகாராஜா பக்கத்திலேயே உட்கார வைத்துவிடுகிறேன்."



"சிவசிவா!" தளவாய் காதைப் பொத்திக்கொண்டார். "காளவாசல்காரி உடம்பு நீர் ராஜ உடம்பிலா?"

"அப்படியானால் தளவாயே முதலில் போட்டுக்கொள்ளட்டும். அவர் கையிலிருந்து மகாராஜாவுக்கு."

ராஜா தளவாயின் கையைப் பார்த்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சொறி. தளவாய் அவசரமாகக் கையை மேல்துண்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

"வேறு வழியே இல்லையா?" ராஜாவின் குரல் இறங்கியிருந்தது.

"முதலில் போட்டுக்கொள்கிறவருக்குப் பசுவிடமிருந்து வருகிறது, மகாராஜா. இரண்டாவது ஆளிலிருந்து எல்லோருக்கும் மனிதனிடமிருந்துதான் வரும். கோமாதாவிடம் நேரே வாங்கிக்கொள்ள இந்தச் சபையில் யாருக்குத் தகுதி என்று நான் சொல்லலாமா?" என்றான் தொப்பளான்.

எல்லோரும் ராஜாவைப் பார்த்தார்கள். ராஜா மேலே பார்த்தார். அவருக்கு மேலே விதானம்தான் இருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினார்.

இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது. அரண்மனையே அதிரும்படி முனகினார். மூன்றாம் நாள் எழுந்து ஒன்பது இட்லி சாப்பிட்டார். கொம்பு மட்டும் வரவில்லை.

எட்டாம் நாள் அருளப்பன் சொன்னார்: "நோய் கண்ட ஊரிலிருந்து வருகிற பாதை தெற்குத் தெரு வழியாகத்தான் இருக்கிறது. அங்கேதான் முதலில் போட வேண்டும். கொப்புளம் மகாராஜா கையில் இருக்கிறது. ஆகவே மகாராஜாவும் வர வேண்டும்."

அதுவரை அந்தத் தெருவை மிதித்தறியாத ராஜா, ஒரு கவிழ்த்த உரலின்மேல் உட்கார்ந்து கையை நீட்டிக்கொண்டிருந்தார். சுடலி மூன்று பிள்ளைகளோடு முன்னால் வந்தாள். உட்காரவில்லை.

"போட்டா நல்லதுதானா? யாருக்குப் போட்டுப் பாத்திய?"

"இதோ இருக்கிறாரே, இவருக்குத்தான்," என்றான் தொப்பளான்.

சுடலி ராஜாவை மேலும் கீழும் பார்த்தாள். "திங்காரா? தூங்குதாரா?"

"அது ரெண்டும் எப்பவும்போல நடக்கு அக்கா. வேற வேலை அவருக்கு முன்னாலயும் கிடையாது."

ராஜாவின் மீசை துடித்தது. கோபமா சிரிப்பா என்று யாருக்கும் பிடிபடவில்லை.

சுடலி உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பை ஒதுக்கித் தன் கையை ராஜாவின் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். அப்புறமும் அவளுக்கு மனம் முழுசாக ஆறவில்லை. அருளப்பனிடம் கேட்டாள்:

"ஒரே ஒரு ராஜாவுக்குப் போட்டுப் பாத்தா போதுமாய்யா? இன்னும் ரெண்டு மூணு ராஜாவுக்குப் போட்டுப் பாத்திருக்கலாமே?"

ராஜா சிரித்த சிரிப்பில் உரல் ஆடியது. கையை ஆட்டாதீர்கள் என்று அருளப்பன் அவரை அதட்ட வேண்டியதாயிற்று.