மூணாவது பாட்டுக்கு என்ன ஸ்கேல்?

"குருவே, பெரியவங்க ஆயிட்டோம்னு நமக்கு எப்படித் தெரியும்?"

நித்திலன்தான் கேட்டான்.

ஜெபா தரையில் கிடந்த கிட்டார் கேபிளைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள்.

"சுத்து."

சுத்தினான். முழங்கையில் போட்டு, கிணற்றுக் கயிறு சுத்துகிற மாதிரி. அவள் அதைப் பிடுங்கி முழுசாக அவிழ்த்தாள். முறுக்கு விழாமல் வளையம் வளையமாக மறுபடி சுத்தி அவன் கையில் கொடுத்துவிட்டு, மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போய்விட்டாள்.

கேட்டவனுக்கு நல்லா வேணும்.

குரு என்றதும் தாடியையும் காவியையும் கற்பனை பண்ணிக்கொள்ள வேண்டாம். ஜெபமலர் நாகர்கோவில்காரி. நித்திலனோடு ஒரே வகுப்பில் கடைசி வருஷம் படிக்கிறவள். வயசில் அவனைவிடச் சின்னவள். ஒரு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் அரை வார்த்தை பேசுவாள். அப்படிப்பட்டவளை வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது? முதல் வருஷமே மாரீஸ் விளையாட்டாக "குருவே" என்று ஆரம்பித்தான். அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

இவர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு பேண்ட். திருச்சிக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு இன்ஜினியரிங் காலேஜ். அங்கே 'அரியர்ஸ்' என்றால் எல்லோருக்கும் தெரியும். பாஸாகாத பேப்பர் ஒன்றாவது கையில் வைத்திருக்காத ஆளை அவர்கள் சேர்த்துக்கொண்டதே கிடையாது.

மாரீஸ் டிரம்ஸ். மூணாவது வருஷம் படிக்கும் பர்வீன் பாட்டு. நித்திலன் லீட் கிட்டார். ஜெபா பாஸ் கிட்டார்.

பாஸ் கிட்டார் பாவப்பட்ட வாத்தியம். தடித் தடியாக நாலு கம்பி. வாசிக்கும்போது ஒருத்தரும் கவனிக்க மாட்டார்கள். நிறுத்தினால்தான் "என்னமோ குறையுதே" என்று முழிப்பார்கள்.

நித்திலனுக்கு அப்படியொரு கேள்வி வந்ததற்குக் காரணம் இருந்தது.

வேலை கிடைத்துவிட்டது. ஜூலையில் ஓசூரில் போய்ச் சேர வேண்டும். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்க்கும் அப்பா, போனில் "இனிமே நீ பெரிய ஆளு சாமி" என்றார். முடிவெட்டுகிறவர் 'தம்பி'யை விட்டுவிட்டு 'சார்' என்கிறார். ஊரே சொல்லிவைத்த மாதிரி அவனைப் பெரியவனாக்கிவிட்டது.

உள்ளே பார்த்தால் ஒன்றும் மாறியிருக்கவில்லை. மெஸ்ஸில் கடைசி அப்பளத்துக்கு இன்னமும் சண்டை போடுகிறான்.

பயந்துபோனான் பையன். அதான் விஷயம்.

ஒரு வாரம் கழித்து, பயிற்சி நடுவில் மறுபடி கேட்டான்.

"குருவே, அன்னைக்குக் கேட்டேனே. கேபிள் சுத்துனா பெரியவனா?"

"கேபிள் சுத்துனா கேபிள் கெடாது."

"அவ்வளவுதானா?"

"வேறென்ன வேணும்?"

அப்போது பயிற்சி அறையில் வழக்கமான சண்டை நடந்துகொண்டிருந்தது. பேண்ட் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். தன் கிட்டார் தனக்குக் கேட்கவில்லை என்று நித்திலன் சத்தத்தை ஏற்றுவான். அவன் ஏற்றினான் என்று மாரீஸ் ஓங்கி அடிப்பான். இரண்டுக்கும் நடுவில் பர்வீன் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவாள். கடைசியில் வார்டன் வருவார்.

ஜெபா எழுந்து போய்த் தன் சத்தத்தைக் குறைத்தாள்.

கொஞ்ச நேரம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் மாரீஸின் கை தானாக மெதுவானது. நித்திலனும் என்னவோ போல் இருக்கிறதே என்று ஒரு திருகு குறைத்தான்.

மூணு வருஷமாக வாசிக்கிற பாட்டு அது. அதில் 'நனைஞ்ச கொடித்துணி' என்று ஒரு வரி இருப்பதே அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

"மாரீஸு, இது நீ எழுதினதாடா? நல்லாருக்குடா!"

"மூணு வருஷம் கழிச்சுச் சொல்றான் பாரு. நீ நல்லா இரு!" என்றான் மாரீஸ்.

அது அவர்கள் சொந்தமாகக் கட்டிய பாட்டு. வரிகள் மாரீஸ், மெட்டு நித்திலன். பாட்டு நடுவில் ஒரு கிட்டார் சோலோ வரும். பர்வீன் ஒதுங்கி நிற்பாள், மாரீஸ் அடக்கி வாசிப்பான், ஜெபா கீழே மூணே மூணு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நித்திலன் மட்டும் பறப்பான்.

அந்த சோலோதான் அவன் உயிர். இரண்டாம் வருஷத்திலிருந்து இழைத்து இழைத்துச் செய்தது. பெருமைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நன்றாக இருக்கும்.

கடைசி வருஷ கல்ச்சுரல்ஸ் விழா வந்தது. நிறைவு நாள் சாயங்காலம் அரியர்ஸின் கடைசி மேடை. மூணு பாட்டு. மூணாவது பாட்டு இதுதான்.

இந்தத் தடவை நித்திலனின் அப்பா வருகிறார்.

அவர் இதுவரை கிட்டாரை கிட்டார் என்று சொன்னதே இல்லை. 'அந்தப் பொட்டி' என்பார். "அந்தப் பொட்டிய வெச்சுட்டு நாலு எழுத்துப் படிச்சாத்தான் என்ன?" என்பார். அவன் வாசித்து ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை கேட்கட்டும், அந்த சோலோவை மட்டும் கேட்கட்டும், அப்புறம் ஓசூரோ எங்கேயோ போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்று நித்திலன் இருந்தான்.

மத்தியானம் மேடையில் ஒலிபெருக்கி சோதனை. பர்வீன் மூணாவது பாட்டின் சரணத்துக்குப் போனாள். உச்சத்தில் குரல் உடைந்தது.

மறுபடி பாடினாள். மறுபடி உடைந்தது.

மூணு நாளாக அவள்தான் எல்லா நிகழ்ச்சிக்கும் மைக்கைப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தாள். தொண்டை எத்தனைதான் தாங்கும்?

"ஒண்ணுமில்லண்ணா, சமாளிச்சுக்குவேன்" என்றாள். அதைச் சொல்லும்போதே கரகரத்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது.

மாரீஸ் நித்திலனைத் தனியாக இழுத்துப் போனான்.

"ஸ்கேலை இறக்குடா. சி மைனருக்குப் போனா ஜம்முனு பாடிருவா."

"என் சோலோ ஈ மைனர்ல இருக்குடா."

"அது தெரியாமயா சொல்றேன்?"

விஷயம் இதுதான். அந்த சோலோ விரல் வைக்காத வெறுங்கம்பிகளை அதிரவிட்டு வாசிப்பது. ஈ மைனரில்தான் அந்தக் கம்பிகள் ஒத்துழைக்கும். வேறு ஸ்கேலுக்கு, அதாவது வேறு சுருதிக்குப் போனால் சோலோ சோலோவாக இருக்காது. கம்பியையே அந்த அளவுக்குத் தளர்த்தினால் துணி காயப்போடுகிற கயிறு மாதிரித் தொங்கும். ஒரு சாயங்காலத்தில் புதுசாக ஒன்றைச் செய்வதும் நடக்கிற காரியமில்லை.

ஸ்கேல் இறங்கினால் சோலோ இல்லை. இறங்காவிட்டால், ஆயிரம் பேர் முன்னால் பர்வீன் உடைவாள்.

நித்திலன் மேடைக்குப் பின்னால் ஓடினான். ஜெபா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"குருவே, இறக்கவா, வேணாமா?"

"ஸ்கேல் சொல்லுகது உன் வேலைல்லா."

அதுவும் சரிதான். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் மூணு பேரும் அவன் முகத்தைப் பார்ப்பார்கள். அவன் ஸ்கேலைச் சொல்வான். அப்புறம்தான் மாரீஸ் குச்சியைத் தட்டுவான். முதல் நாளிலிருந்து அப்படித்தான்.

"எங்கப்பா வந்திருக்காரு ஜெபா."

"தெரியும். மூணாவது வரிசைல நான்தான் இருக்க வச்சேன். தண்ணியும் குடுத்தேன்."

"பர்வீன் பாவம்தான். ஆனா எனக்கு இது ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

ஜெபா துடைப்பதை நிறுத்தவில்லை.

"நீ ஒரு வார்த்தை சொல்லு. எதைச் சொன்னாலும் கேக்கறேன். சத்தியமா."

"அதனாலதாம்லே சொல்லல."

எரிச்சலாக வந்தது நித்திலனுக்கு. இவளை யார் குரு என்று வைத்தது? போய் இரண்டு டீ குடித்தான். இரண்டும் ஆறிப்போன டீ.

சாயங்காலம் ஆனது. மைதானம் நிரம்பிவிட்டது. முதல் பாட்டு ஓடியது. இரண்டாவதற்குப் பையன்கள் நாற்காலி மேல் ஏறி ஆடினார்கள்.

நித்திலன் மூணாவது வரிசையைப் பார்த்தான். அப்பா முழுக்கைச் சட்டை போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த யாரிடமோ மேடையைக் காட்டி என்னவோ சொன்னார். அவர் விரல் இவனைத்தான் காட்டியது.

மூணாவது பாட்டு.

மூணு பேரும் அவனைப் பார்த்தார்கள்.

மாரீஸின் குச்சி மேலே நின்றது. பர்வீன் எச்சில் விழுங்கினாள், விழுங்கும்போது வலித்தது முகத்தில் தெரிந்தது. ஜெபாவின் முகத்தில் எப்போதும் போல ஒன்றுமில்லை.

ஈ மைனர் என்று சொல்லத்தான் நித்திலன் வாயைத் திறந்தான். பர்வீன் அதற்குத் தயாராக இருந்தாள். அவள் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டாள். உடைந்தாலும் சிரித்துக்கொண்டேதான் இறங்கிப் போவாள்.

"சி மைனர்" என்றான்.

தன் குரலா அது என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

பர்வீன் சட்டென்று அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவள் ஏதும் சொல்வதற்குள் மாரீஸ் குச்சியைத் தட்டிவிட்டான்.

பாட்டு ஆரம்பித்தது. பல்லவியை அவள் அலட்டிக்கொள்ளாமல் பாடினாள். கரகரப்பு இருந்தது, ஆனால் அந்தத் தாழ்ந்த ஸ்கேலில் அதுவே ஒரு அழகாக இருந்தது. 'நனைஞ்ச கொடித்துணி' வந்தபோது கூட்டம் கப்சிப்பென்று ஆகிவிட்டது.

சோலோவுக்கான இடம் வந்தது.

நித்திலனிடம் அந்த இடத்தில் வாசிக்க எதுவும் இல்லை. சும்மா தாளத்துக்குக் கம்பியை மெல்லத் தட்டிக்கொண்டு நின்றான். அப்பா பக்கம் பார்க்கவில்லை. எப்படியாவது இந்த இடம் கடந்துபோனால் போதும்.

அப்போது கீழேயிருந்து ஒன்று எழுந்து வந்தது.

ஜெபாவின் பாஸ்.

அந்த மூணு ஸ்வரம் இல்லை. வேறு. நிதானமாக ஒரு படி ஏறியது, நின்றது, யோசித்து இன்னொரு படி ஏறியது. பர்வீன் பாடிவிட்டுப் போன மெட்டையே எடுத்து, அதன் அடியில் இப்படியொரு துக்கம் இருக்கிறது பார் என்று காட்டுகிற மாதிரி இருந்தது. மாரீஸ் வாயைப் பிளந்துகொண்டு அடித்தான். அவளோ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அடேயப்பா! என்ன வாசிப்பு அது!

நித்திலனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இத்தனை வருஷம் இவளுக்குப் பக்கத்தில் ரெண்டடி தள்ளித்தான் நின்றிருக்கிறான். அவன் கை இன்னும் மெல்லமாகத் தட்டியது. ஒரு துளிகூடத் தவறவிடக் கூடாதே என்று.

சரணத்தை பர்வீன் முழுசாகப் பாடி முடித்தாள். மைதானம் எழுந்து நின்றது. அவள் அழுதாள், சிரித்தாள், மாரீஸை ஒரு குத்து குத்தினாள்.

அப்பா மேடைக்குப் பின்னால் வந்தார். இருட்டுவதற்குள் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

"அந்தப் புள்ள நல்லாப் பாடுச்சு" என்றார்.

"ஆமாங்கப்பா."

"நடுவுல ஒரு புள்ள தனியா வாசிச்சுதே, அது என்னது, தடி கிட்டாரு?"

"பாஸுங்கப்பா."

"என்னமோ நெஞ்சுக்குள்ள பண்ணிருச்சு சாமி. நீ அப்ப ஒண்ணும் பெருசா வாசிக்கலையே?"

நித்திலனுக்குச் சொல்ல நிறைய இருந்தது. நாக்கு நுனிவரை வந்தது.

"இல்லீங்கப்பா. நானும் கேட்டுட்டுத்தான் இருந்தேன்."

அப்பா அவன் தோளை ஒரு தட்டுத் தட்டினார். பையை இறுக்கிக்கொண்டு கேட் பக்கம் நடந்தார். நித்திலன் ஆட்டோ வரைக்கும் கூடப் போய் ஏற்றிவிட்டுத் திரும்பினான்.

ஜெபா பாஸை உறைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அதை எப்ப பண்ணின?"

"எத?"

"இப்ப வாசிச்சதை."

"செகண்ட் இயர்ல. இந்தப் பாட்டு கட்டுனப்பவே."

"செகண்ட் இயர்லயா? அப்புறம் ஏன் ஒரு தடவைகூட வாசிக்கலை?"

ஜெபா உறையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"அந்த எடத்துல நீ வாசிச்சிட்டு இருந்தல்லா, மக்கா."