செத்தவர்கள் டீ குடிக்கும் இடம்

கொல்லிமலை அடிவாரத்து மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கேள்வியோடு வருகிறவர் முதலில் அன்னதானச் சமையலுக்கு ஏதாவது ஒரு வேலை செய்து கொடுக்க வேண்டும். பதில் அப்புறம்தான். பாதிப் பேர் வேலையைப் பார்த்ததுமே கேள்வியை மறந்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

சினிமா இயக்குநர் எழிலரசு மறக்கிற ஆள் இல்லை. ரொம்ப வருஷமாக மடத்துச் சீடர். மடத்துத் தலைவர் சடையப்ப சாமி அவரைவிட வயதில் சின்னவர் என்பதால் கொஞ்சம் உரிமையோடு வாதாடவும் செய்வார். அன்றைக்கு மகள் நிறைமதியைக் கையில் பிடித்துக்கொண்டு கோபமாக வந்தார். அவளுக்கு ஆறு வயது.

“என் படத்தைப் பாத்துப் புள்ளைங்க கெட்டுப்போகுதாம் சாமி. டிவியில நாலு பேர் உக்காந்து என்னைக் கிழிக்கிறாங்க. இதோ நிக்கிறா பாருங்க என் பொண்ணு. எடிட்டிங் ரூம்லயே வளந்தவ. தலை உருண்டாக்கூட கண்ணைச் சிமிட்ட மாட்டா. இவ கெட்டா போயிட்டா? நீங்களே சொல்லுங்க.”

“பாப்பாவுக்குப் பயமே கிடையாதா?”

“துளிகூட இல்ல.” அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

“சரி. பின்னால விறகு கிடக்கு. பொளந்து போட்டுட்டு வாங்க, பேசலாம்.”

ஒரே ஆள் நாற்பது பேரை வெட்டிச் சாய்ப்பதை எல்லாம் படமாக எடுத்தவர், ஒரு புளியங்கட்டையிடம் தோற்றுப்போனார். கோடரி வழுக்கி அவர் முழங்காலுக்குக் கீழே இறங்கியது.

அடுப்படியில் பாத்திரச் சத்தம். அவர் அலறியது யாருக்கும் கேட்கவில்லை.

“மதி! ஓடிப்போய் யாரையாவது கூட்டிட்டு வாம்மா!”

நிறைமதி பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். நன்றாகத் தெரிய வேண்டும் என்று இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். அவர் மறுபடி கத்தினார். கெஞ்சினார். அவள் கைதட்டினாள். பெற்ற மகள் வேடிக்கை பார்க்க ஒரு மனுஷன் மண்ணில் கிடந்து துடிப்பது யாருக்கும் வரக்கூடாத கொடுமை.

விறகு இன்னும் வரவில்லையே என்று சாமிதான் எட்டிப் பார்த்தார். ஓடிவந்தவர் மேல்துண்டால் காலை இறுக்கிக் கட்டினார். ஆஸ்பத்திரிக்கு வண்டி கொண்டுவர ஆள் அனுப்பினார். எழிலரசுவின் முகம் வெளுத்திருந்தது.

சாமி நிறைமதியிடம் திரும்பினார்.

“அப்பா கூப்பிட்டாரே பாப்பா, ஏன் வந்து சொல்லல?”

“அப்பா சூப்பரா நடிச்சாரு சாமி. கலர்தான் சரியில்ல.”

“அப்பாவுக்கு வலிக்கும்னு தோணலையா?”

“வலிக்காது. ஷாட் முடிஞ்சதும் எல்லாரும் எந்திரிச்சு டீ குடிப்பாங்க. செத்தவங்ககூட. அப்பாதான் கூட்டிட்டுப் போய்க் காட்டினாரு.”

சாமி அவள் விரலைப் பிடித்து, ரத்தத்தில் நனைந்திருந்த துண்டின்மேல் மெல்ல வைத்தார்.

அவள் விரலைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

“சூடா இருக்கு” என்றாள். அதற்குப் பிறகுதான் வீறிட்டு அழுதாள். அந்த அழுகையை யாராலும் நிறுத்த முடியவில்லை.

எழிலரசு அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். அவரும் அழுதுகொண்டிருந்தார்.

“அவ பயந்துடக் கூடாதேன்னுதான், எல்லாம் பொய்யி, எல்லாம் பொய்யின்னு சொல்லிச் சொல்லி வளத்தேன். அது தப்பா சாமி?”

சாமி கையிலிருந்த ரத்தத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“உங்க புள்ளைக்கு அதையாச்சும் சொன்னீங்க. தியேட்டர்ல வந்து உக்கார்ற புள்ளைங்களுக்கு அதைக்கூடச் சொல்லலையே.”