கொத்தனார் அடைத்த ஓட்டை

"கோபத்தை அடக்க ஒரு வழி சொல்லுங்க தாயி."

கேட்ட குரலே சண்டைக்கு இழுக்கிற மாதிரிதான் இருந்தது.

ஒண்டிமுத்துக் கொத்தனாருக்கு அப்போது அறுபது வயது இருக்கும். கோபம் மட்டும் இளமை மாறாமல் அப்படியே இருந்தது. மகள் பேச்சியம்மாள் பிள்ளை பெற்றிருக்கிறாள் என்று கேள்விப்பட்டு ஓடினார். அவள் வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"கோபத்தை விட்டுட்டு வாங்க. அதுவரைக்கும் பேரனைக் காட்ட மாட்டேன்."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த எரிச்சலோடுதான் நேரே மடத்துக்கு வந்திருந்தார்.

மடத்துக் குரு உலகம்மை அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவள். அண்ணாந்து கூரையைப் பார்த்தாள்.

"மச்சுல வௌவால் அடைஞ்சு கிடக்கு. நாத்தம் தாங்கலை. முதல்ல அதுங்களை வெளியேத்துங்க கொத்தனாரே."

இதெல்லாம் ஒரு வேலையா? அவை போய் வருகிற ஓட்டை கூரையோரம் இருந்தது. நடுப்பகலில் சிமெண்டைக் குழைத்து அப்பினார். கரண்டியைக் கழுவிவிட்டு மீசையை வேறு முறுக்கிக்கொண்டார்.

பொழுது சாய்ந்தது. போக வழியில்லாத வௌவால்கள் மச்சுப் பலகை இடுக்கு வழியாகக் கூடத்துக்குள் இறங்கிவிட்டன. விளக்கு கவிழ்ந்தது. கொத்தனார் விளக்குமாற்றை எடுத்து வீசினார். அடிபட்டு விழுந்த ஒன்றைப் பிடிக்கக் குனிந்தார்.

"வெறுங்கையால தொடாதீங்க! கடிச்சா உசுரு போயிரும்!"

உலகம்மை விளக்குமாற்றைப் பிடுங்கி எறிந்தாள். சன்னல்களைத் திறந்துவிட்டாள்.

"உள்ள வச்சு அடைச்சா அதுங்க எங்கேய்யா போகும்? போய் உடைங்க!"

பூசிய கையாலேயே உடைத்தார். உடைத்து முடிக்கும்வரை அவர் திட்டாத சாமி இல்லை.

மறுநாள் அந்தியில் இருவரும் ஓட்டைக்குக் கீழே நின்றார்கள். வௌவால்கள் தாமாகவே ஒவ்வொன்றாக வெளியே பறந்தன. யாரும் விரட்டவில்லை. கடைசியில் வரத்து நின்றது.

"முடிஞ்சுதா?" கொத்தனார் கையில் சிமெண்டுச் சட்டி தயாராக இருந்தது.

"இன்னும் இருக்கு."

உள்ளே கீச்சென்று ஒரு சத்தம்.

"குட்டி. அதுக்குப் பறக்கத் தெரியாது. தாய் வந்து பால் கொடுக்கணும். அது பறந்து போற வரைக்கும் ஓட்டை திறந்தே கிடக்கட்டும்."

வந்ததே கோபம்! சட்டியைத் தரையில் ஓங்கி எறிந்தார்.

"என்னை என்ன கேனப்பயன்னு நினைச்சியா? வழி கேட்டு வந்தவனை வௌவாலுக்குக் காவல் போட்டிருக்கே! நீயெல்லாம் ஒரு குருவா?"

உலகம்மை அவர் முகத்தைப் பார்த்தே கேட்டாள்.

"இன்னும் இருக்கா?"

"இருக்கு! என் மாப்பிள்ளைன்னு ஒருத்தன் இருக்கானே, நான் வாசல்ல நிக்கிறேன், உள்ள உக்காந்து காப்பி குடிக்கிறான்! அவன் கொழுப்பைப் பாரு!"

"இன்னும் இருக்கா?"

"பெத்த அப்பன் மூஞ்சியில கதவைச் சாத்தினாளே, அவளுக்கு எம்புட்டுத் திமிரு! கல்யாணத்தையே என்கிட்டச் சொல்லாம முடிச்சவதானே அவ!"

மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் இருக்கா?"

மச்சில் குட்டி மறுபடியும் கத்தியது.

"ஒண்ணு இருக்கு தாயி." கொத்தனார் தரையில் உட்கார்ந்தார். "அவ ஏன் சொல்லலைன்னு எனக்குத் தெரியும். பயந்துட்டா. என் பிள்ளை என்னைப் பாத்துப் பயந்துட்டா. நான் அவளை அப்படித்தான் வச்சிருந்தேன்."

உலகம்மைக்கு இப்போதுதான் உண்மையில் கோபம் வந்தது.

"இதை எதுக்கய்யா என்கிட்ட வந்து சொல்றீங்க?"