நட்சத்திரம் போட்ட ரசம்

இந்தக் கதையில் எல்லாரும் ‘மாஸ்டர்’ என்று கூப்பிடுகிறவர்தான் சீடர். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வந்து குழம்பினால் நான் பொறுப்பில்லை.

மாஸ்டர் பேர் அங்கமுத்து. பெருந்துறைப் பக்கம் கல்யாணமோ காதுகுத்தோ, சமையல் அவர்தான். ஐம்பத்தைந்து வயசு. அந்தக் குரலுக்கு மைக் தேவையே இல்லை.

குரு, சுகந்தி. மாஸ்டரின் சமையல் கம்பெனியில் ஆர்டர், கம்ப்யூட்டர் எல்லாம் பார்த்துக்கொள்கிற பெண். வயசு முப்பதுகூட ஆகவில்லை. பேச்சு ரொம்பக் கம்மி.

முகூர்த்த நாளில் மூன்று மண்டபத்தில் அடுப்பு எரியும். மாஸ்டர் ஒருத்தர்தானே! அதனால் தன் தலைக்குள் இருந்த பக்குவத்தையெல்லாம் ஒரே கோப்பாக எழுதிவிட முடிவு செய்தார். எழுதும் முறையைச் சுகந்தி கற்றுக்கொடுத்தாள். மார்க்டவுன் என்று பேர். வரிக்கு முன்னால் ஒரு # போட்டால் அது தலைப்பு. உச்சியில் ஒரு பட்டியல் இருக்கும். அதில் பேரைத் தொட்டால் கீழே உள்ள அந்தத் தலைப்புக்கே குதிக்க வேண்டும். அதுதான் லிங்க். ஆட்கள் டேப்லெட்டில் தொட்டுப் பார்த்துச் சமைத்துக்கொள்ளலாம்.

நாலு லிங்க் போடத் தெரிந்ததுமே மாஸ்டர், “நானும் ஐ.டி. ஆளுதானப்பா” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அன்றைக்கு நாச்சிமுத்து வீட்டுக் கிரகப்பிரவேசம். நாச்சிமுத்து பழனிக்கு மாலை போட்டிருந்தார். பூண்டு, வெங்காயம் தொடமாட்டார். விசேஷங்களுக்குப் போனாலும் வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்.

“என்ற வீட்டு விசேஷத்துலயும் நான் பழத்தைத் தின்னுட்டு நிக்கறதாங்க மாஸ்டர்?” என்று அவர் முன்கூட்டியே கேட்டிருந்தார். “சொந்தபந்தத்தோட முதல் பந்தியில உக்காந்து ஒரு வாய் சாப்பிடோணும்.”

“அது என்ற பொறுப்புங்க,” என்று மாஸ்டர் நெஞ்சைத் தட்டிச் சொல்லியிருந்தார்.

விரதச் சமையல் இருக்கிற பாத்திரத்தின் மூடியில் சாக்பீஸால் ஒரு நட்சத்திரம் போடுவது அவர்கள் வழக்கம். கோப்பிலும் மாஸ்டர் அதையேதான் செய்திருந்தார். முதலில் ‘ரசம்’ என்று ஒரு தலைப்பு. அது ஊருக்கு. அதற்குக் கீழே ‘ரசம்★’ என்று இன்னொன்று. அது விரதக்காரருக்கு.

மாஸ்டரிடம் சமையல் வேலை பார்க்கிற பாக்கியம், டேப்லெட்டைப் பார்த்து ரசம் வைத்து, மூடியில் நட்சத்திரமும் போட்டு இறக்கி வைத்தாள். மாஸ்டர் மூடியைத் திறந்தார். மூக்கு சுருங்கியது.

“பாக்கியம், இதுல பூண்டு போட்டியா?”

“போட்டேனுங்க.”

“அடப்பாவி! மேல நட்சத்திரம், உள்ள பூண்டா?”

“நட்சத்திரம் போட்ட ரசத்தைத்தானுங்க தொட்டேன். பூண்டு தட்டிப் போடுன்னு வந்துச்சு. போட்டுட்டேன்.”

மாஸ்டர் டேப்லெட்டை வாங்கி, பட்டியலில் ‘ரசம்★’ என்பதைத் தொட்டுப் பார்த்தார். ஊர் ரசத்துக்குத்தான் போனது. அழுத்தித் தொட்டார். அப்போதும் ஊர் ரசம்தான்.

வாசலில் உறவுக்காரர்கள் செருப்பைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள். நாச்சிமுத்து புது வேட்டியில் எல்லாரையும் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். மாஸ்டர் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு சுகந்தியிடம் ஓடினார்.

சுகந்தி ஓரமாக உட்கார்ந்து வாழை இலை துடைத்துக்கொண்டிருந்தாள்.

“கண்ணு, இந்த டேப்புக்குக் கிறுக்குப் புடிச்சுப் போச்சு.”

அவள் வாங்கிப் பார்த்தாள். “இந்த லிங்க் எப்படி எழுதினீங்க?”

“முதல்ல நட்சத்திரத்தோடதான் எழுதினேன். தொட்டா நகரவே மாட்டேன்னுது. சரின்னு பட்டியல்ல பேரை அப்படியே விட்டுட்டு, அதுக்குப் பின்னால எழுதற லிங்க்ல மட்டும் நட்சத்திரத்தை எடுத்துட்டேன். டபக்குன்னு குதிச்சுது!”

“எங்க குதிச்சுது?”

“ரசத்துக்குத்தான்.”

“எந்த ரசத்துக்கு?”

மாஸ்டர் தலையைச் சொறிந்தார். குதித்த சந்தோஷத்தில் அதை யார் பார்த்தது? எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்ததுதான் ஞாபகம் இருந்தது.

“இரு கண்ணு, நான் விடமாட்டேன்,” என்று டேப்லெட்டைப் பிடுங்கி, தலைப்பில் இன்னொரு நட்சத்திரம் சேர்த்தார். ஊர் ரசம். ஒரு பூப்படம் சேர்த்தார். ஊர் ரசம். வரிசையாக ஆச்சரியக்குறி போட்டார். ஊர் ரசமேதான்.

“இத்தனை போட்டும் இதுக்குக் கண்ணு தெரியலையா?”

சுகந்தி எழுந்தாள். அடுப்போரம் இரண்டு பாத்திரம் கூட்டு இருந்தது. இரண்டும் மாஸ்டரே தன் கையால் வைத்தது. ஒன்றில் வெங்காயம் உண்டு, நட்சத்திரம் போட்டதில் கிடையாது. அவள் ஈரத்துணியால் அந்த நட்சத்திரத்தைத் துடைத்தாள்.

“ஐயையோ, ஏங்கண்ணு?”

“பாக்கியக்கா, விரதக் கூட்டை எடுத்துட்டு வாங்க,” என்றாள் சுகந்தி.

பாக்கியம் வந்தாள். இந்த மூடியைப் பார்த்தாள், அந்த மூடியைப் பார்த்தாள். “எதுங்க?”

மாஸ்டர் பாய்ந்து வந்து மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். “இது! இதுகூடத் தெரியலையா?”

“உங்களுக்கு மூக்கு இருக்குது மாஸ்டர். டேப்புக்கு?”

மாஸ்டர் மூடியை மூடிவிட்டு டேப்லெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தலைப்பைப் பார்த்து அது தானா ஒரு விலாசம் எழுதிக்கும்,” என்றாள் சுகந்தி. “எழுத்தையும் நம்பரையும் வெச்சுக்கும். நட்சத்திரம், பூ, ஆச்சரியக்குறி எல்லாம் துடைச்சுப் போட்டுரும். நீங்க நட்சத்திரத்தை எடுத்துட்டு ரசம்னு கூப்பிட்டீங்க. முதல்ல நின்ன ரசம் வந்துருச்சு.”

மாஸ்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். தலைப்பை அழித்துவிட்டு ‘ரசம் பூண்டு இல்லாமல்’ என்று எழுதினார். லிங்க்கிலும் அதையே அப்படியே எழுதித் தொட்டார். நகரவில்லை.

“மறுபடியும் மொதல்ல இருந்தா!”

“விலாசத்தை நீங்களா ஏன் எழுதறீங்க? அந்தத் தலைப்பையே கேளுங்க.”

தலைப்பின் மேல் தொட்டுக் காட்டினாள். அதன் விலாசம் திரையின் உச்சியில் தெரிந்தது. வார்த்தைகளுக்கு நடுவே இடம் இல்லை, சின்னச் சின்னக் கோடு இருந்தது. மாஸ்டர் அதை நகலெடுத்து லிங்க்கில் ஒட்டினார். தொட்டார். குதித்தது.

இந்தத் தடவை அவர் கத்தவில்லை. குதித்த இடத்தில் நின்று, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் உதடு அசைய வாசித்தார். பூண்டு இல்லை. பிறகு நட்சத்திரம் போட்டிருந்த சாம்பாருக்கும் அதேபோலச் செய்தார். விரதச் சாம்பாருக்கு உரித்து வைத்திருந்த சின்ன வெங்காயம் ஊர்ச் சாம்பாருக்குப் போனது. பூண்டு ரசமும் ஊருக்கே ஆயிற்று.

“பாக்கியம்! ரசத்தை மறுபடி வெய்யி. கேட்டுக்கோ, பூண்டு…”

“வாயால சொல்லாதீங்க மாஸ்டர்,” என்றாள் சுகந்தி.

“பந்திக்கு இலை போடறாங்க கண்ணு! அந்த மனுசன் ஆசையா நிக்கறாரு!”

“அடுத்த முகூர்த்தத்துக்கு நீங்க கரூர்ல இருப்பீங்க. பாக்கியக்கா இங்க இருப்பாங்க.”

மாஸ்டர் தோள்துண்டை எடுத்து வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

பாக்கியம் தொட்டாள். வாசித்தாள். புளி கரைத்தாள். தக்காளியைக் கையால் பிசைந்தாள். மிளகும் சீரகமும் தட்டினாள். அவள் கை பூண்டுக் கூடைப் பக்கம் போனது. மாஸ்டரின் கண் பிதுங்கியது. கை கூடையைத் தாண்டிப் போய்ப் பெருங்காய டப்பாவை எடுத்தது. மாஸ்டருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மிளகு நெடி என்று சொல்லிக்கொண்டார்.

முதல் பந்தி. நாச்சிமுத்து நடு வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் மச்சினர்.

“என்ன மாமா, பழம் போதுமா?” என்று மச்சினர் சீண்டினார்.

“போடா அக்கட்டால, இன்னிக்கு ஒரு பிடி பிடிக்கறேன் பாரு!”

சாம்பார் போனது, கூட்டு போனது. பாக்கியம் விரத ரசத்தோடு வரிசையில் வந்தாள். மாஸ்டர் தூணுக்குப் பின்னால் டேப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். ஊருக்கே சமைத்த மனிதர், பரீட்சை எழுதின பிள்ளை மாதிரி நின்றார்.

“கண்ணு,” என்றார், குரலை அடக்கி. “எல்லா லிங்க்கும் சரியா இருக்குதான்னு ஒருக்கா பாத்துச் சொல்லு. நீ சொன்னாத்தான் என்ற மனசு ஆறும்.”

டேப்லெட்டை நீட்டினார். சுகந்தி வாங்கவில்லை.

நாச்சிமுத்து சோற்றை முடித்துவிட்டு, உள்ளங்கையைக் குழித்துப் பாக்கியத்திடம் நீட்டிக்கொண்டிருந்தார். ஊற்றியதை ஒரே உறிஞ்சாக உறிஞ்சினார். மறுபடி நீட்டினார்.

“என்னை எதுக்குக் கேக்கறீங்க மாஸ்டர்?” என்றாள் சுகந்தி. “அந்தக் கையைப் பாருங்க.”