கரடி சார் போட்ட தொண்ணூற்றெட்டு

அல்லிக்குளத்துக் கரையில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதில் ஐந்தாம் வகுப்புக்குக் கரடிதான் வாத்தியார். எல்லோரும் அவரைக் கரடி சார் என்று கூப்பிடுவார்கள். பாடம் நன்றாகத்தான் நடத்துவார். ஆனால் பளபளவென்று எதையாவது கண்டால் போதும், அப்படியே சொக்கிப்போவார்.

அந்த வருஷம் கோடை பொல்லாததாக இருந்தது. குளம் வற்றி வற்றி ஒரு குட்டையாகிவிட்டது. கெண்டை மீன் குடும்பம் முழுவதும் அந்தக் குட்டைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தது. அதில் ஒரு சின்னக் கெண்டை ஐந்தாம் வகுப்பு மாணவி. தண்ணீருக்கு வெளியே தலையை நீட்டித்தான் அது தினமும் பாடம் கேட்கும்.

தலைமையாசிரியர் யானை எல்லோரையும் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார்.

"இந்த வருஷப் புராஜெக்ட் சுவத்துல ஒட்டி வைக்கிறதுக்கு இல்லை! பூமிக்குள்ள ஊத்து எங்கே இருக்குன்னு பிள்ளைங்களே கண்டுபிடிக்கணும். பள்ளிக்கூடத்து டேப்லெட்டை ஒரு குழு ஒரு வாரம் வெச்சுக்கலாம். யாருக்கு முதல் மார்க்கோ, அவங்க சொன்ன இடத்துல நான் தோண்டி, குளத்துக்கு வாய்க்கால் வெட்டிவிடுவேன்!"

"மார்க் போடுறது யாரு சார்?" என்று சின்னக் கெண்டை கேட்டது.

"வேற யாரு? உங்க கரடி சார்தான்!"

"கரடி சார், பார்த்துப் போடுங்க சார்! எங்க உசுரே அதுலதான் இருக்கு!"

"எனக்குத் தெரியாதா? இருபது வருஷமா மார்க் போடுறேன்!" என்று கரடி சார் மார்பைத் தட்டிக்கொண்டார்.

அவர் இருபது வருஷமாக மார்க் போட்டது உண்மைதான். ஆனால் டேப்லெட்டை ஒருநாள்கூடத் தொட்டதில்லை. இந்த விஷயம் யாருக்கும் தெரியக்கூடாதே என்பதுதான் அவருடைய ஒரே கவலை.

இரண்டு வாரம் ஓடியது. புராஜெக்ட் நாள் வந்தது. குட்டையில் தண்ணீர் முழங்கால் அளவுகூட இல்லை.

முதலில் மயில் வந்தது. டேப்லெட்டைத் தொட்டதும் நாதஸ்வரம் முழங்கியது. எழுத்துகள் சுற்றிச் சுற்றி வந்து நின்றன. ஒவ்வொரு ஸ்லைடு மாறும்போதும் பூமாரி பொழிந்தது. மொத்தம் இருபத்தாறு ஸ்லைடுகள்! கடைசி ஸ்லைடில் கொட்டை எழுத்தில் இப்படி இருந்தது: "தென்னந்தோப்புக்கு வடக்கே பத்தடி தூரத்தில் ஊற்று உள்ளது. நன்றி, வணக்கம்."

கரடி சார் திறந்த வாயை மூடவில்லை. ஈ ஒன்று உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்தது.

"அபாரம்! அந்தப் பூ விழுற ஸ்லைடை இன்னொரு தடவை போடு!"

மயில் மூன்று தடவை போட்டுக் காட்டியது.

அடுத்து தவளையும் நண்டும் வந்தன. பாட்டும் இல்லை, பூவும் இல்லை. ஒரே மாதிரியான ஏழு புகைப்படங்கள்தான் இருந்தன. எல்லாம் வெறும் தரை. ஒன்றில் நண்டின் கொடுக்கு குறுக்கே விழுந்திருந்தது.

"சார், இது வந்து..." என்று தவளை ஆரம்பித்தது.

"தெரியுது, தெரியுது, தரை! உட்காருங்க!" என்றார் கரடி சார்.

மயிலுக்குத் தொண்ணூற்றெட்டு. தவளைக்கும் நண்டுக்கும் இருபத்துமூன்று. பேனாவில் எழுதி, அடியில் கோடும் இழுத்தார்.

பக்கத்து வகுப்புக் கீரி டீச்சர் மெல்ல அருகில் வந்தார்.

"சார், பிள்ளைங்ககிட்ட ஒரு கேள்விகூடக் கேட்கலையே?"

"கேள்வியா? படம் ஓடும்போது யாராவது பேசுவாங்களா?"

"படம் முடிஞ்ச பிறகு கேட்கலாமே!"

"டீச்சர், எல்லாம் கம்ப்யூட்டர்ல வந்திருக்கு. கம்ப்யூட்டர் தப்பா சொல்லுமா?"

கேள்வி கேட்டால், பிள்ளைகள் திரும்ப ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். அந்தப் பயத்தைக் கீரி டீச்சர் கண்டுகொண்டார். பெரிய மனுஷரைப் பிள்ளைகள் முன்னால் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று அப்போதைக்குச் சும்மா இருந்துவிட்டார்.

மறுநாள் காலை யானை தந்தத்தைத் தீட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"நான் தயார்! தென்னந்தோப்பு எந்தப் பக்கம்?"

கரடி சார் கிழக்கே பார்த்தார். பிறகு மேற்கே பார்த்தார். குரங்கு ஒன்று உயரமான கிளையில் ஏறிச் சுற்றிலும் பார்த்துவிட்டு இறங்கி வந்தது.

"சார், தோப்பை விடுங்க, இந்தக் காட்டுல ஒத்தைத் தென்னைமரம்கூடக் கிடையாது!"

எல்லோரும் கரடி சாரைப் பார்த்தார்கள். கரடி சார் மயிலைப் பார்த்தார்.

"தென்னந்தோப்பு எங்கேம்மா?"

"அது... அடுத்த ஸ்லைடுல இருக்கும் சார்!"

"அதுதான் கடைசி ஸ்லைடாச்சே!"

மயில் திருதிருவென்று விழித்தது. பிறகு கண் கலங்கிவிட்டது. "நான் செய்யலை சார். ஆலமரத்தடிக் கிளியண்ணன் பிரவுசிங் சென்டர்ல செஞ்சு கொடுத்தாரு. எல்லாரும் அங்கேதான் புராஜெக்ட் வாங்குவாங்க. நான் ஸ்லைடை மாத்த மட்டும்தான் கத்துக்கிட்டேன்."

கிளியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். கிளி கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

"எங்கேயோ எந்தக் குளத்தைப் பத்தியோ யாரோ எழுதினது. அதை அப்படியே எடுத்துக் கொடுத்தேன். சொந்தமா யோசிச்சா என்னைக் கிளின்னு யாராவது சொல்வாங்களா?"

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. குட்டையில் சின்னக் கெண்டை வாயை வாயைத் திறந்து மூடியது. அதன் தம்பிகள் சேற்றில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தார்கள்.

"சார்," என்றது கெண்டை, "நீங்க போட்ட மார்க்குல நாங்க செத்துப்போயிடுவோமா சார்?"

கரடி சாருக்கு அழுகையே வந்துவிட்டது. அவருக்கு அவமானமாகவும் இருந்தது. ஆனால் அவமானத்தைப் பார்க்க இது நேரமில்லை.

"டீச்சர், எனக்கு டேப்லெட்டைப் பத்தி ஒண்ணும் தெரியாது. அதை மறைக்கத்தான் வாயை மூடிக்கிட்டு மார்க் போட்டேன். இப்ப என்ன செய்றது?" என்று எல்லோர் முன்னாலும் கீரி டீச்சரைக் கேட்டார்.

"உங்களுக்கு எதுக்கு சார் அது தெரியணும்? மூடி வெச்சுட்டு, பிள்ளைங்களை விசாரிங்க. நீ எதைத் தெரிஞ்சுக்கப் போனே, இந்தப் பெட்டி உனக்கு எதுல உதவுச்சு, எங்கே தப்பு பண்ணினே, இதைக் கேட்டாலே போதும்."

கரடி சார் தவளையும் நண்டும் இருக்கும் பக்கம் திரும்பினார்.

"எதுக்கும்மா ஒரே தரையை ஏழு தடவை படம் பிடிச்சீங்க?"

"சார், ஊத்து இருக்கிற இடம் மெதுவாத்தான் காயும். அதைத்தான் தேடினோம்," என்றது தவளை. "ஆனா தினமும் பார்க்கிற தரை, கண்ணுக்கு வித்தியாசமே தெரியலை. அதனால தினம் ஒரே கல்லுமேல நின்னு ஒரே இடத்தைப் படம் பிடிச்சோம். ஏழு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தோம். எல்லா இடமும் வெளுத்துக்கிட்டே வருது. நாவல் மரத்தடி மட்டும் கறுப்பாவே இருக்கு சார்!"

"தப்பு ஏதாவது பண்ணினீங்களா?"

"நிறைய!" என்று நண்டு குஷியாகச் சொன்னது. "முதல்ல மூணாவது படத்தைப் பார்த்துட்டு பாறை ஓரத்துல தோண்டினேன். அது பாறையோட நிழல் சார்! கொடுக்கு உடைஞ்சதுதான் மிச்சம். அதனால அப்புறம் நிழல் விழாத நேரத்துல மட்டும்தான் எடுத்தோம்."

"இதையெல்லாம் நேத்தே ஏன் சொல்லலை?"

"நீங்கதான் உட்காரச் சொன்னீங்களே சார்!"

கரடி சார் மூக்கைச் சொறிந்துகொண்டார்.

யானை அதற்கு மேல் நிற்கவில்லை. நாவல் மரத்தடிக்கு ஓடினார். தந்தத்தால் குத்தினார், காலால் மண்ணை வாரித் தள்ளினார். ஒரு ஆள் ஆழம் போனதும் மண் சேறானது. இன்னும் கொஞ்சம் போனதும் குபுக்கென்று தண்ணீர் பொங்கியது! பன்றிகளும் முள்ளம்பன்றிகளும் சேர்ந்து வாய்க்கால் பறித்தன. சாயங்காலத்துக்குள் தண்ணீர் குட்டைக்கு வந்து சேர்ந்தது. சாய்ந்து கிடந்த கெண்டைத் தம்பிகள் ஒவ்வொருவராக நிமிர்ந்து நீந்த ஆரம்பித்தார்கள்.

கரடி சார் மார்க் பட்டியலை எடுத்தார். பேனாவில் எழுதியதை அடிப்பது அவர் வழக்கமில்லை. அன்று அடித்தார். தொண்ணூற்றெட்டைத் தவளைக்கும் நண்டுக்கும் போட்டார். மயிலின் கட்டத்தைக் காலியாக விட்டார்.

"எனக்கு முட்டையா சார்?" என்று மயில் விசும்பியது.

"இல்லைம்மா. விசாரிக்காம போட்டது என் தப்பு. டேப்லெட்டை இன்னொரு வாரம் எடுத்துக்கோ. உனக்கே தெரியாத ஒண்ணைத் தேடு. வந்து சொல்லு, கேட்டுட்டு மார்க் போடுறேன்."

திரை எவ்வளவு மின்னியது என்று பார்க்காமல், அதை வைத்துக்கொண்டு பிள்ளை எதைக் கண்டுபிடித்தது என்று வாய்விட்டுக் கேட்ட பிறகே ஆசிரியர் பேனாவைத் திறக்க வேண்டும்.