கிடை நாய் ஏன் சுற்றிச் சுற்றி வருகிறது

ஆடும் நாயும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசித் திரிந்த காலம் ஒன்று இருந்தது. ஆடும் மற்ற உயிர்களும் எப்போது வாயை மூடின என்று எனக்குத் தெரியாது; கடைசியில் நாய் மட்டும்தான் மனிதரோடு பேசிக்கொண்டிருந்தது. கிடை நாய் மூடிய கதை தெரியும்.

கண்மாய்க் கரைக்குக் கீழே இருந்த தரிசில் இருளாயி, ஆடுகளை ராத்திரி அடைத்துவைக்கிற ஆட்டுக்கிடை போட்டிருந்தாள். அவள் புருஷன் நாச்சான் அடுத்த கிடைக்கு நிலம் பேச மேற்கே போயிருந்தான். இருளாயியோடு இருந்தவை நூறு ஆடுகளும், மூங்கிலால் பின்னிக் கவிழ்த்த குடாப்புக்குள் ஒன்பது குட்டிகளும், மின்னி என்கிற நாயும்தான். குட்டிகள் பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

மின்னியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கால் தரையில் பாவாத பிறவி அது. மேய்ச்சல் இருக்கும் நாளில் ஒரு பகல் முழுக்க ஓடும், பொழுது சாய்ந்ததும், "ஆத்தா, அடுத்து என்ன?" என்று வந்து நிற்கும். வேலை இல்லாவிட்டால் அதுவாக உண்டாக்கிக்கொள்ளும். பக்கத்து வயல்காரர் வாத்துகளை ஓட்டி வந்து ஆட்டோடு சேர்த்துவிடும். வழியில் போன கல்யாணக் கூட்டத்தை ஒரு தடவை மாப்பிள்ளையோடு சேர்த்து வேலியோரம் ஒதுக்கி நிறுத்திவிட்டது. இருளாயி கையெடுத்துக் கும்பிட்டு அவர்களை அனுப்பி வைத்தாள்.

அந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. நாலு நாளாக ஆடு மேய்ச்சலுக்குக் கிளம்பவில்லை. ஆட்டுக்குப் பரவாயில்லை, அசைபோட்டுக்கொண்டு கிடக்கும். மின்னி என்ன செய்யும்?

"ஆத்தா, அந்தக் கொம்பாடு தள்ளிப் படுத்திருக்கு. எழுப்பட்டுமா?"

"வேணாம்."

"குட்டிய எண்ணட்டுமா?"

"காலையிலதான எண்ணுன? சும்மா கெட."

"சும்மான்னா எப்படி ஆத்தா?"

குட்டி ஈன்ற ஆடுகளைப் பார்த்துப் பார்த்து இருளாயிக்கு மூன்று நாளாகத் தூக்கமில்லை. மண்டைக்குள் உளி வைத்து அடிப்பது போல வலி. கண்ணயர்ந்த நேரம் பார்த்து மின்னி, நிறைசினை ஆடு ஒன்றை எழுப்பிச் சேற்றில் விரட்டிவிட்டது. ஆடு வழுக்கி விழுந்து கதறியது. இருளாயிக்கு வந்ததே கோபம்!

அவள் தூக்கியது துரட்டியை. தழை வளைத்துப் பறிக்கிற கம்புதான். ஆனால் கிடைக்காரர்களிடம் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. பொழுது சாய அதைத் தரையில் ஊன்றி, "ஒரு ஆடு வெளியே போகப்படாது" என்று சொன்னால் நாய் உயிரைக் கொடுத்தாவது காக்கும். விடிந்ததும் சொன்னவரே அதைப் பிடுங்கி "விட்டேன்" என்றால்தான் அந்தச் சொல் கழியும். தினம் ஊன்றித் தினம் பிடுங்குவதால் இருளாயிக்கு அது பெரிய காரியமாகத் தோன்றவில்லை.

ஓங்கி ஊன்றினாள். "வேல வேலன்னு உசுர வாங்குறியே! நீயும் ஒன் வம்சமும் இனி பேசப்படாது. வாய மூடிக்கிட்டுச் சுத்திச் சுத்தி வா!"

மின்னி வாயை மூடியது. சுற்ற ஆரம்பித்தது.

காலையில் பிடுங்கிவிடலாம் என்றுதான் அவள் படுத்தாள். அதைச் சொல்லாவிட்டால் அவளுக்குச் செய்கிற அநியாயம். நன்றாகத் தூங்கினாள். விடிந்து எழுந்தால் மழை விட்டிருந்தது, தலைவலி விட்டிருந்தது, தொணதொணப்பும் இல்லை. துரட்டிமேல் கை வைத்தாள். அப்புறம் எடுத்துவிட்டாள். 'மத்தியானம் வரைக்கும் இப்படியே இருக்கட்டுமே' என்று நினைத்தாள். பாவி, அங்கேதான் சறுக்கினாள். கோபத்தில் சொன்னதைத் தெய்வம்கூட மன்னிக்கும்; சுகமாக இருக்கிறதே என்று விட்டுவைத்ததை அவளாலேயே கடைசிவரை மன்னிக்க முடியவில்லை.

உச்சிப்பொழுதில் அவள் கூழ் கரைத்துக்கொண்டிருந்தபோது மின்னி ஓடி வந்தது. முன்னால் நின்று அவள் முகத்தையே வெறித்தது.

"என்னடி முழிக்கிற?"

அவளைச் சுற்றி வந்தது. கெண்டைக்காலில் மூக்கால் இடித்தது. மறுபடி முகத்தைப் பார்த்தது.

"போட்டேன்னா பாரு! வாய அடைச்சா இப்ப ஆட்டம் போடுறியா?"

குதிகாலைக் கவ்வி இழுத்தது. அவள் மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தாள். அது விலாவில் பட்டது. மின்னி ஒரு கணம் நின்றது, பிறகு ஆடுகள் பக்கம் பாய்ந்தது. நூறு ஆட்டையும் ஒரே வளைப்பில் எழுப்பி மேட்டுக்கு விரட்டியது. "அடியே, சினை ஆடுடி!" என்று கத்திக்கொண்டு, அடிக்கக் கம்பைப் பொறுக்கிக்கொண்டு, இருளாயி பின்னாலேயே ஓடினாள்.

மேட்டில் ஏறித் திரும்பியபோதுதான் பார்த்தாள். கண்மாய்க் கரை உடைந்து, தரிசு முழுக்கச் செந்தண்ணீர். கூழ்ப்பானை இல்லை. துரட்டி இல்லை. குடாப்பு இல்லை.

மின்னி தண்ணீருக்குள் பாய்ந்து பாய்ந்து திரும்பி வந்தது. மூடிய குடாப்பைத் தூக்க நாய்க்குக் கை ஏது? "கரை உடையுது, குட்டிய எடு ஆத்தா" என்று ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையைத்தான் அவள் மத்தியானம் வரை தள்ளிப்போட்டிருந்தாள்.

"விட்டேன்டி மின்னி, விட்டேன்! பேசு!" என்று அதன் தாடையைப் பிடித்துக் கெஞ்சினாள். மின்னி வாயைத் திறந்தது. ஊளைதான் வந்தது.

தாயாடுகள் ஒன்பதும் கத்திக்கொண்டே இருந்தன.

மூன்றாம் நாள் நாச்சான் வந்தபோது அவள் வடிந்த சேற்றில் முழங்கால் புதையத் துரட்டியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"நாய்க்கு முன்னமே தெரிஞ்சிருக்குமே. சொல்லலையா?" என்றான்.

"சொல்லுச்சு. எனக்குத்தான் தெரியல" என்றாள் இருளாயி.

துரட்டி கிடைக்கவில்லை. ஊன்றிய சொல் ஊன்றியபடியே நின்றுவிட்டது. மின்னி போட்ட குட்டிகளும், அவை போட்ட குட்டிகளும் பேச்சில்லாமலே பிறந்தன. இருளாயி கிழவியாகிச் சாகும்வரை, எந்த நாய் வந்து முகத்தைப் பார்த்தாலும், தின்கிற சோற்றை வைத்துவிட்டு எழுந்து அதன் பின்னாலேயே போவாள். பெரும்பாலும் அங்கே ஒன்றும் இருக்காது.

அந்த நாளிலிருந்துதான், ஆடே இல்லாத வீட்டில் வளர்ந்தாலும் கிடை நாய்க்குச் சும்மா கிடக்கத் தெரிவதில்லை; பிள்ளைகளைச் சுற்றிச் சுற்றி வந்து ஒரு மூலையில் சேர்க்கிறது, குதிகாலைக் கவ்வுகிறது, ஒன்றும் சொல்லமுடியாமல் நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறது.